என் கணவரின் லைசென்ஸும் அண்ணியின் உயிரும்

இந்த விஷயத்தை எழுதலாமா, வேண்டாமா என்று வெகு நாட்களாக யோசித்துக் கொண்டிருந்தேன். என் கணவர்தான், "எழுதேன், நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்" என்றார். "நான் பண்ணினதை எல்லாம் எழுதினா படிக்கறவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்றேன். "அதையும் சேர்த்துத்தான் எழுதணும்" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குக் கிளம்பிப் போய்விட்டார். ஆகவே எழுதுகிறேன்.

என் கணவர் விமானி. பயணிகள் விமானம் ஓட்டுபவர். 2001-ல் எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது பறக்கும் பயிற்சியை முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக் கொண்டிருந்தார். விமானி வேலை கிடைத்தது 2005-ல்தான். பயிற்சிக்கு வாங்கிய கடன் தீருவதற்குள் பல்லாவரத்தில் வீட்டுக் கடன் ஆரம்பித்துவிட்டது. விமானி வீடு என்றால் பணம் கொட்டுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். சம்பளத்தின் பெரும்பகுதி பறக்கிற மணிக்கணக்கைப் பொறுத்தது என்பது யாருக்கும் தெரிவதில்லை. ஒரு மாதம் பறக்காவிட்டால் மளிகைக் கணக்கிலேயே அது தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயமும் வெளியில் தெரியாது. விமானிகளுக்கு வருஷா வருஷம் உடல் பரிசோதனை உண்டு. கண், காது, இரத்த அழுத்தம், சர்க்கரை, இ.ஸி.ஜி., சிறுநீர் என்று எல்லாம் பார்த்து, 'தகுதி' என்று எழுதிக் கொடுத்தால்தான் லைசென்ஸ் செல்லும். பரீட்சைக்குப் போகிற பிள்ளையை வைத்திருக்கிற மாதிரி அந்த மாதம் எங்கள் வீடு இருக்கும். ஊறுகாயையும் அப்பளத்தையும் கண்ணிலேயே காட்ட மாட்டேன். மற்ற வேலைகளில் உடம்பு சரியில்லை என்றால் லீவு போடுவார்கள். இந்த வேலைக்கு உடம்புதான் மூலதனம்.

அப்படிப்பட்டவர்தான் 2018-ஆம் வருஷப் பொங்கல் சமயத்தில், கரும்பை நறுக்கிக் கொண்டே, "அக்காவுக்கு என் கிட்னி ஒண்ணைக் கொடுக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

அண்ணியின் தண்ணீர்க் கணக்கு

அண்ணி என்று நான் சொல்வது அவருடைய அக்காவை. அவரைவிட நாலு வயது மூத்தவர். திருச்சியில் இருக்கிறார். 2016 கடைசியில் கால் வீங்குகிறது, சாப்பாடு பிடிக்கவில்லை, வாந்தி வருகிறது என்று போய்ப் பார்த்தபோது இரண்டு சிறுநீரகமும் வெகுவாகப் பழுதாகிவிட்டன என்று சொல்லிவிட்டார்கள். இரத்த அழுத்தம் பல வருஷமாக அதிகமாக இருந்திருக்கிறது. ஒரு நாளும் பார்த்துக் கொண்டதில்லை. தலைவலி என்றால் கண்ணாடிக் கடைக்குப் போவார். முழங்கால் வலி என்றால் மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக் கொள்வார். அதை நாலைந்து வருஷம் விடாமல் செய்திருக்கிறார். வலி மாத்திரைகளைக் கணக்கில்லாமல் சாப்பிட்டால் சிறுநீரகம் கெடும் என்று டாக்டர் சொன்னபோது, நான் மெதுவாக என் கைப்பையிலிருந்த அட்டையைத் தொட்டுப் பார்த்துக் கொண்டேன். நம்மில் எத்தனை பேர் பையில் அது இருக்கிறதோ!

2017 ஆனி மாதத்திலிருந்து வாரம் மூன்று நாள் டயாலிஸிஸ். அதோடு சாப்பாட்டுக் கட்டுப்பாடு. இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, கீரையும் உருளைக்கிழங்கும் பார்த்துப் பார்த்து. அவற்றில் பொட்டாசியம் என்ற உப்பு அதிகம். சிறுநீரகம் வேலை செய்யாதவர் உடம்பில் அது சேர்ந்தால் இருதயத்துடிப்பே தாறுமாறாகி நின்றுவிடக் கூடுமாம். காய்கறியைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, வேறு தண்ணீரில் வேகவைத்து, வேகவைத்த தண்ணீரையும் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். சத்து போய்விடும் என்று காய் வேகவைத்த தண்ணீரைக் கொட்டாத ஊர் நம் ஊர். அண்ணி வீட்டுச் சமையலறையில் அது தலைகீழாகிவிட்டது.

இதை எல்லாம்விடக் கொடுமை தண்ணீர். அண்ணிக்கு டாக்டர் அனுமதித்தது ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கும் குறைவு. ரசம், மோர், காபி, மாத்திரை விழுங்குகிற வாய்த் தண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். ஒரு பாட்டிலில் கோடு போட்டு வைத்திருப்பார். திருச்சி சித்திரை வெயிலில் அந்தப் பாட்டிலைப் பார்த்துக் கொண்டே உட்கார்ந்திருப்பார். தாகம் தாங்காவிட்டால் ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக் கொள்வார்.

மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் நல்லது என்றார்கள். யார் கொடுப்பது? அண்ணியின் கணவருக்குச் சர்க்கரை. மகளுக்கு அப்போதுதான் கல்யாணமாகி முழுகாமல் இருந்தாள். மகனுக்குப் பத்தொன்பது வயது. இத்தனை சின்ன வயதில் வேண்டாம் என்று டாக்டர்களே தயங்கினார்கள். என் மாமியார், "என்னுதை எடுத்துக்குங்க" என்று அழுதார். எழுபத்து நாலு வயது, இரத்த அழுத்தம் வேறு. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து தானமாகக் கிடைப்பதற்குப் பெயர் பதிந்து வைத்தோம். அந்த வரிசையோ நீளம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் உயிரோடிருந்து உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெற்றுக் கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மனைவி கொடுப்பாள், அம்மா கொடுப்பாள். "அவ வீட்டிலதானே இருக்கா" என்று சொல்லிவிடுவார்கள். ஒரு ஆண், அதுவும் சம்பாதிக்கிற ஆண், அக்காவுக்குக் கொடுக்கிறேன் என்று முன்வந்தால் எத்தனை பேர் தடுக்க வருகிறார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். முதல் ஆளாகத் தடுத்தவள் நான்தான்.

"லைசென்ஸ் போயிட்டா?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. "அண்ணி உங்களைப் படிக்க வச்சாங்களா? நகையை வித்துப் பணம் கொடுத்தாங்களா?" என்று கேட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. "அதெல்லாம் ஒண்ணுமில்லையே. சின்ன வயசில என் பென்சிலை எல்லாம் திருடுவா" என்றார். "பின்னே எதுக்கு?" என்றேன். "அக்கா" என்றார். அவ்வளவுதான். ஏதாவது பட்ட கடன் என்று சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும்.

மறுநாளே அண்ணியிடமிருந்து போன். "நீ ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லிடு. நீ சொன்னா அவன் கேப்பான். அவன் வேலைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு அந்தக் கிட்னி எதுக்கு?" என்றார். என் மனதிலிருந்த பாரம் இறங்கியது. வாங்கிக் கொள்பவரே வேண்டாம் என்கிறார், இனி எனக்கென்ன பழி? அன்று ராத்திரியே அவரிடம், "அண்ணியே வேண்டாங்கறாங்க, நானும் வேண்டாங்கறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்து, தட்டைத் தானே கழுவி வைத்தார். எங்கள் வீட்டில் அது கோபத்தின் அடையாளம்.

அந்த ஒரு நாள்

மாசி மாதம் அண்ணி மகளுக்கு வளைகாப்பு. இரண்டு நாள் முன்னதாகவே நான் மட்டும் திருச்சிக்குப் போனேன். வேலையில் எல்லாரும் ஓடிக் கொண்டிருக்க, அண்ணியை டயாலிஸிஸுக்கு அழைத்துப் போகிற முறை எனக்கு வந்தது. அதுவரை நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றுகிற மாதிரி என்று நினைத்திருந்தேன்.

காலை ஆறு மணிக்கு எடை பார்த்தார்கள். முந்தைய தடவைக்குப் பிறகு மூன்று கிலோ ஏறியிருந்தது. அத்தனையும் தண்ணீர். அண்ணியின் இடது கையில் இரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். முழங்கைக்குக் கீழே கயிறு மாதிரி புடைத்திருந்தது. "தொட்டுப் பாரு" என்று என் விரலை வைத்தார். தோலுக்கடியில் வண்டு ரீங்காரம் செய்கிற மாதிரி அதிர்ந்தது. அதில் கோணி ஊசி மாதிரி இரண்டு ஊசிகள். ஒன்றில் இரத்தம் வெளியே போய், இயந்திரத்தில் சுத்தமாகி, இன்னொன்றில் திரும்பி வந்தது. நாலு மணி நேரம். மூன்றாவது மணியில் இரத்த அழுத்தம் இறங்கி, கெண்டைக்கால் இழுத்துக் கொண்டது. அண்ணி பல்லைக் கடித்துக் கொண்டு, "பாயசத்துக்குச் சேமியாவா, ஜவ்வரிசியா?" என்று என்னிடம் கேட்டார்.

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அங்கே யாரும் வரமாட்டார்களா என்று கேட்டேன். "செவ்வாய்க்கிழமை வந்தாரு" என்றார் அண்ணி. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே யாரும் கேட்டுக் கொள்வதில்லை போலிருக்கிறது.

திரும்பி வருகையில் காரில் அண்ணி மெதுவாக, "அவன்கிட்ட சொல்லிட்டியா?" என்றார். "சொல்லிட்டேன்." "நல்லது பண்ணினே" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார், ஊசி போட்ட கையால்.

வளைகாப்பில் எல்லாருக்கும் பாயசம் ஊற்றினார் அண்ணி. தான் மட்டும் ஒரு ஸ்பூன் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "சர்க்கரை போதும்" என்றார்.

சென்னைக்கு வந்ததும் அவரிடம், "முதல்ல அந்த லைசென்ஸ் டாக்டரைப் போய்க் கேளுங்க" என்றேன். அதுதான் நான் 'சரி' என்று சொன்ன விதம். அவர் பீரோவைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். பொங்கல் முடிந்த வாரமே போய்க் கேட்டுக் குறித்து வைத்திருக்கிறார், மனுஷர்!

உலக நாடுகள் எல்லாம் பின்பற்றுகிற விமானிகள் மருத்துவ விதியில், ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டவர் தகுதியற்றவர், ஆனால் மிஞ்சியிருப்பது அந்தக் குறையை நன்றாக ஈடுகட்டியிருந்தால் தகுதியுள்ளவர் என்று இருக்கிறதாம். ஒற்றைச் சிறுநீரகத்தோடு பறக்கலாம். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு மருத்துவக் குழு பார்த்துச் சொல்லும் வரை பறக்கக் கூடாது. அவர்கள் என்ன சொல்வார்கள் என்று முன்கூட்டி யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். லைசென்ஸ் இழப்புக்கு நாங்கள் எடுத்திருந்த காப்பீட்டுப் பத்திரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தோம். நோய்க்கும் விபத்துக்கும் உண்டு. தானாக முன்வந்து செய்து கொள்ளும் ஆபரேஷனுக்குக் கிடையாது. ஆறு மாதம் சம்பளமில்லாமல் ஓட்டுவதற்கு என் நகைகளை ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். வந்தது.

பரிசோதனைகள் இரண்டு மாதம் நடந்தன. இருவருக்கும் ஓ பாசிட்டிவ். திசுப் பொருத்தமும் நன்றாகவே இருந்தது. இரத்த அழுத்தம் குடும்பத்தில் இருப்பதால் அவருக்கு ஒரு நாள் முழுக்கக் கையில் பட்டையைக் கட்டி அழுத்தத்தைப் பதிவு செய்தார்கள். கல் இருக்கிறதா என்று ஸ்கேனில் தேடித் தேடிப் பார்த்தார்கள். அதற்குக் காரணம் உண்டு. விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டது. எழுந்து போக வேண்டியிருக்குமே என்று விமானிகள் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக் கொள்வார்கள். கல் உண்டாக அது போதும். இரண்டு இருந்தால் ஒன்று அடைத்தாலும் இன்னொன்று காப்பாற்றும். ஒன்றே ஒன்று இருந்து அது அடைத்துக் கொண்டால்? அதனால் கொடுப்பவரிடம் நல்லதைத்தான் விட்டு வைப்பார்கள். இவருக்கு வலது பக்கம் ஒரு மாற்று உசத்தி, ஆகவே இடது.

சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் நம் சென்னையிலேயே வறுமைக்காகச் சிறுநீரகம் விற்றவர்கள் ஏராளம். 1994-ல் சட்டம் வந்தது. உடன்பிறந்தவர்கள் நெருங்கிய உறவு. ஆஸ்பத்திரியிலேயே அனுமதி உண்டு. ஆனால் உறவு என்பதற்குச் சான்று வேண்டும். பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, பழைய புகைப்படங்கள். மாமியாரின் டிரங்குப் பெட்டியைக் குடைந்து ஒரு படம் எடுத்தேன். ஏழெட்டு வயது அண்ணி, இடுப்பில் தன் பாதி உயரத்துக்கு ஒரு பையன். பையன் அழுது கொண்டிருக்கிறான். அண்ணியின் கையில் பென்சில்!

என்னைத் தனியே உட்கார வைத்து ஒரு டாக்டர் அம்மா கேட்டார்: "யாராவது கட்டாயப்படுத்தினாங்களா? உங்களுக்குச் சம்மதமா?" முதலில் சம்மதமில்லை, இப்போது சம்மதம் என்று உள்ளதைச் சொன்னேன். "பயமா இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். கொடுப்பவருக்கு உயிராபத்து பத்தாயிரத்தில் மூன்று பேருக்கு என்பது பழைய கணக்கு, இப்போது அதைவிடக் குறைவு என்று விளக்கினார். பிற்காலத்தில் சிறுநீரகம் கெடும் வாய்ப்பு, கொடுக்காத ஆரோக்கியசாலியைவிடச் சற்று அதிகம் என்பதையும் மறைக்கவில்லை. 1971-லேயே வேலூரில் இந்த ஆபரேஷன் வெற்றிகரமாக நடந்திருக்கிறது என்றார். நான் பிறப்பதற்கு எட்டு வருஷம் முன்பே!

ஆவணியில் ஆபரேஷன். அவருக்குத் துளைகள் போட்டு, அடிவயிற்றில் சின்னதாகக் கீறி எடுத்தார்கள். அண்ணியின் பழைய சிறுநீரகங்களை எடுக்கவில்லை. புதியதை வலது அடிவயிற்றில் வைத்தார்கள். தியேட்டரிலேயே சிறுநீர் வந்துவிட்டது என்று வெளியே வந்து சொன்னார்கள். சிறுநீர் வந்ததற்குக் குடும்பமே சந்தோஷப்பட்டு அழுததை வேறு எங்கே பார்க்க முடியும்? மறுநாள் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தேன். நர்ஸ், "குடிங்கம்மா, நிறையக் குடிங்க" என்று டம்ளரை நீட்டிக் கொண்டிருந்தார். அண்ணி அதைக் கையில் வைத்துக் கொண்டு பார்த்துக் கொண்டேயிருந்தார்.

இவர் ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார். ஆறு வாரம் கனமாக எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் எல்லாம் என் பாடு. பார்க்க வந்தவர்கள், "பாதி உடம்புதானே இனிமே" என்றார்கள். பக்கத்து வீட்டுப் பெண் சமையலறைக்கு வந்து காதோடு, தாம்பத்தியத்துக்குப் பழுதில்லையா என்று கேட்டாள். இதைச் சகோதரிகள் பலர் கேட்க நினைத்துக் கேட்பதில்லை. அதற்கும் சிறுநீரகத்துக்கும் சம்பந்தமே இல்லை. பெண்கள் கொடுத்தாலும், உடம்பு தேறிய பிறகு டாக்டர் யோசனைப்படி பிள்ளை பெறலாம். கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தத்தை மட்டும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

பெங்களூர்

மார்கழியில் பெங்களூருக்குப் போனார். அங்கே விமானப்படை டாக்டர்கள்தான் இந்தப் பரிசோதனையைச் செய்கிறார்கள். கிரியேட்டினின் என்று ஒரு கணக்கு இருக்கிறது, இரத்தத்தில் கழிவு எவ்வளவு என்று காட்டுவது. ஆபரேஷனுக்கு முன் 0.9 இருந்தது 1.4 ஆகியிருந்தது. இருந்த இரண்டில் ஒன்று போனால் ஏறத்தான் செய்யும்; மிஞ்சியது கொஞ்சம் பெரிதாகி மெல்ல மெல்ல வேலையை ஏற்றுக் கொள்ளும். ஆனாலும் நிலைத்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், இரண்டு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த இரண்டு மாதத்தைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. பல்லாவரத்தில் எங்கள் வீட்டுக்கு மேலேதான் விமானங்கள் இறங்கும். சத்தம் கேட்டால் எந்த விமானம், எங்கிருந்து வருகிறது என்று சொல்வது அவர் வழக்கம். அந்த நாட்களில் சொல்வதை நிறுத்திவிட்டார். என் வளையல்கள் அடகுக்குப் போயின. ஒரு ராத்திரி எனக்குத் தாங்காமல், "இதுக்குத்தான் அன்னிக்கே சொன்னேன்" என்று வாய் தவறி வந்துவிட்டது. அவர் எழுந்து போய் மொட்டை மாடியில் படுத்துக் கொண்டார். காலையில் அண்ணியிடமிருந்து போன். என்ன நடந்தது என்று தெரியாமலே, "இன்னிக்குக் கிரியேட்டினின் 1.1டீ!" என்று குழந்தை மாதிரி கத்தினார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாசியில் மறுபடி பெங்களூர். 1.3-ல் நின்றிருந்தது. இரத்த அழுத்தம் சரி. சிறுநீரில் புரதம் இல்லை. முழுத் தகுதியுள்ள இன்னொரு விமானி கூட இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தகுதி கொடுத்தார்கள். பயணிகள் விமானத்தில் எப்போதும் இரண்டு பேர்தானே, வேலைக்கு இடைஞ்சலில்லை. இத்தனை மாதம் பறக்காததால் நேரே விமானத்தில் ஏறிவிடவும் முடியாது. சிமுலேட்டர் என்கிற பயிற்சி அறையில் ஏற்றி இறக்கிக் காட்டிய பிறகு, 2019 பங்குனியில் சீருடை போட்டார். இடுப்பு பெருத்திருந்தது, பொத்தானைத் தள்ளித் தைத்துக் கொடுத்தேன்.

அடுத்த வருஷமே கொரோனா. 2020 மார்ச் 25-லிருந்து மே 25 வரை உள்நாட்டு விமானங்கள் நின்றுவிட்டன. எல்லா விமானிகளும் வீட்டில்! அவர் கவலையெல்லாம் அக்காவைப் பற்றித்தான். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளை வேளை தவறாமல், ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். தொற்று வந்தால் தாங்காது. "நான் ரெண்டு வருஷம் முன்னாடியே முகமூடி போட்டுப் பழகினவ, நீங்கதான் பத்திரம்" என்று அண்ணி எங்களுக்குப் புத்தி சொன்னார்.

இப்போது அவர் பறக்கிறார், அண்ணி பேத்தியைப் பள்ளிக்கூடம் கொண்டு விடுகிறார். அண்ணியின் சிறுநீரகம் இன்னும் எத்தனை வருஷம் வரும் என்று கேட்டால் டாக்டர் பதினைந்து, இருபது என்கிறார். அண்ணி அந்தப் பேச்சை எடுக்க விடுவதில்லை. எங்கள் வீட்டில் உப்பு குறைவு, வலி மாத்திரைகளைக் குப்பையில் போட்டாயிற்று, வருஷத்துக்கு ஒரு தடவை இருவருக்கும் சேர்த்தே பரிசோதனை.

அண்ணி தினமும் சாயங்காலம் போன் செய்வார். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். முதல் கேள்வி, "அவன் இன்னிக்குத் தண்ணி குடிச்சானா?" என்பதுதான். அதற்காகவே அவர் டூட்டிப் பையில் ஒன்றரை லிட்டர் எவர்சில்வர் பாட்டில் ஒன்றை வைத்து அனுப்புகிறேன். வந்ததும் முதல் வேலையாகப் பையைத் திறந்து அதைத் தூக்கிப் பார்ப்பேன். நேற்று ராத்திரி தூக்கிப் பார்த்தபோது பாதி அப்படியே இருந்தது. அண்ணியிடம் காலி என்று சொல்லிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டு போய் அவர் முன்னால் வைத்து, குடித்து முடிக்கும் வரை நின்றேன்.